மூச்சு முட்டாத ஆபத்து

2020-இல் கொரோனா வார்டுகளில் மருத்துவர்களைத் திகைக்க வைத்த காட்சி இது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்த ஆக்சிஜனை 80 சதவீதத்துக்கும் கீழே காட்டுகிறது. நோயாளியோ கைபேசியில் வீட்டாருடன் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை முதலில் உணர்வது கழுத்து. கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, அரிசி மணியளவே உள்ள சதைத் துணுக்குகள் அந்த வேலையைச் செய்கின்றன. இதைக் காட்டிய பெல்ஜிய விஞ்ஞானி ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 60 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் இவை மூச்சை வேகமாக விரட்டும். அதுவரை மூச்சின் கடிவாளம் பெரும்பாலும் கரியமில வாயுவின் கையில். அந்த வாயு தடையின்றி வெளியேறிக்கொண்டிருந்தால் திணறலே தெரியாமல் போகலாம்.

எனவேதான் ஆக்சிமீட்டர் உயிர்காக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970-களில் கண்ட உத்தி, விரலுக்குள் பாயும் ஒளியை வைத்தே ஆக்சிஜனை அளக்கிறது. அதிலும் ஒரு குறை உண்டு: கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடலாம். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஆக்சிஜன் குறைவு கருவியின் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

கறுத்த மேனி இயல்பாக உள்ள தமிழ்நாட்டில் இதை அலட்சியப்படுத்துவது தவறு. இங்கே விற்கும் ஒவ்வொரு ஆக்சிமீட்டரும் இங்குள்ளவர்களின் தோலில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். எண் நன்றாக இருந்தும் நோயாளி சோர்ந்தால், தமனி ரத்தத்தை எடுத்துப் பார்க்கத் தயங்கவே கூடாது.