ஆனையும் அங்குசமும்

"ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம்" என்று நம் பெரியோர்கள் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனை வாங்கும் யோக்கியதை நமக்கு என்றும் ஏற்பட்டதில்லையாதலால், அந்த வார்த்தையின் முழு உண்மையையும் அறிந்துகொள்ள நாம் ஆஸ்திரேலியா தேசத்துச் சிட்னி நகரம் வரையில் போக வேண்டியிருந்தது. அங்கே நமது பழைய நண்பர் ஒருவர் ஆனை வாங்கியிருந்தார். அதாவது, மோட்டார் படகு வாங்கியிருந்தார்.

நண்பர் தஞ்சை ஜில்லாக்காரர். காவேரியில் முழங்கால் ஜலத்துக்கு மேல் இறங்கியறியாத வமிசத்தில் பிறந்தவர். அவர் வீட்டு வாசலில் 15 அடி நீளத்தில் அலுமினியப் படகு ஒன்று, இரண்டு சக்கர இழுவை வண்டியின் மேல் சுவாமி வாகனத்தைப்போல் கம்பீரமாக வீற்றிருந்ததைக் கண்டதும் நாம் திகைத்துப் போனோம்.

"என்ன ஓய், எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் நண்பர். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் மாட்ட வேண்டியது; சனிக்கிழமை விடியற்காலம் கடலில் இறக்க வேண்டியது; மத்தியானம் மீனோடு வீடு திரும்ப வேண்டியது. அவ்வளவுதான்!"

"அவ்வளவுதான்" என்று அவர் சொன்னபோது, உள்ளேயிருந்து அவருடைய மனைவியார் சிரித்த சிரிப்பு நமக்கு அப்போது விளங்கவில்லை.

இத்தகைய படகுகளை அந்நாட்டார் செல்லமாக "டின்னி" என்று அழைக்கிறார்கள். தகர டப்பா என்று பொருள் கொள்ளலாம். குடும்பஸ்தர்கள் இதை விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. படகுத் துறையில் நிறுத்தி வைக்க வாடகை கிடையாது. சாதாரண மோட்டார் காரே இழுத்துப் போய்விடும். இன்று ஓர் ஊர்க் கடல், நாளை மற்றோர் ஊர்க் கடல் என்று இஷ்டம்போல் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒன்று: வீட்டு வாசலிலிருந்து கடலுக்குப் போகும் படகு, படகாக மட்டும் இருந்தால் போதாது. அது பாதி வண்டி, பாதி கப்பல். இரண்டின் வியாதிகளும் அதற்கு உண்டு.

வண்டியின் வியாதியை முதலில் சொல்லிவிடுவோம். நெடுந்தூரம் ஓடிய சக்கரங்களின் நடுக்குடம் சூடேறியிருக்கும். அந்தச் சூட்டோடு வண்டியைக் கடல் நீரில் இறக்கினால், உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, உப்பு ஜலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் பேரிங்குகள் துருப்பிடித்து, ஏதோ ஒரு நடுநிசியில், ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று தனியே பிரயாணம் செய்யும். ஆகையால் துறைக்கு வந்ததும் சிறிது நேரம் சக்கரம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காலந்தவறாமல் கிரீஸ் வைக்க வேண்டும். பாரம் 750 கிலோவைத் தாண்டினால் இழுவை வண்டிக்கும் தனியாகப் பிரேக் வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம்.

படகின் பின்புறம் மாட்டியிருந்த 50 குதிரைசக்தி இயந்திரத்தை நண்பர் தம் குழந்தையைப்போல் தடவிக் கொடுத்தார். இவ்வாறு கழற்றி மாட்டக்கூடிய இயந்திரத்தை நாடெங்கும் பரவச் செய்தவர் ஓலே எவின்ரூட் என்பவர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கோடைகாலத்தில் ஏரிக்கரையில் உல்லாசமாக இருந்தபோது, அவருடைய காதலி ஐஸ்கிரீம் வேண்டுமென்று கேட்டாளாம். அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்ததாம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ! ஆனால் 1909-ம் வருஷத்தில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் ஒன்றரைக் குதிரைசக்தியும் 62 ராத்தல் எடையும் உள்ளது என்பது உண்மை. அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020-ல் நின்றுபோயிற்று. ஐஸ்கிரீம் மட்டும் இன்னும் உருகிக்கொண்டுதானிருக்கிறது.

மறுநாள் வெள்ளோட்டம். சிட்னிக்கருகில் ஆற்றுத்துறை ஒன்றில் படகை இறக்கினோம். நண்பரும், அவருடைய 11 வயதுப் பையனும், நாமும் ஏறிக்கொண்டோம். கரையைவிட்டு நூறு கஜம் போயிருப்போம். "மாமா, செருப்பு மிதக்கிறது!" என்றான் பையன். பார்த்தால், நமது செருப்புகள் இரண்டும் படகுக்குள்ளேயே ஜலக்கிரீடை செய்துகொண்டிருந்தன!

விஷயம் இதுதான். படகைக் கழுவிய தண்ணீர் வடிவதற்காகப் பின்புறத்தில் அடியில் ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். கடலில் இறக்குவதற்கு முன் அதை ஓர் அடைப்பானால் திருகி மூட வேண்டும். கட்டைவிரல் பருமன் உள்ள அந்த அடைப்பான், நண்பரின் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. நல்லவேளை, கரை பக்கத்திலிருந்தது. அன்று முதல் காரின் சாவியையும் அடைப்பானையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருக்கிறார் நண்பர். நமது நேயர்களில் எவரேனும் படகு வாங்கினால், இந்த ஒரு யோசனைக்காகவாவது நம்மை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அம்மாளுடைய சிரிப்பின் அர்த்தம் வெளிப்பட்டது.

"அண்ணா, நீங்களாவது இவரிடம் சொல்லுங்கள். மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி வாங்கப் பணம் இருந்தது. நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கருவி வாங்க மட்டும் பணம் இல்லையாம். அடுத்த மாதம் பார்க்கலாமாம். குழந்தையை இந்த மாதமே அழைத்துப் போகிறாரே!"

நண்பர் ரசத்தைக் கவனமாகப் பிசைந்துகொண்டிருந்தார். நாமும் அப்பளத்தை நொறுக்குவதில் ஈடுபட்டோம். ஆனால் அந்த வார்த்தை நம்மைச் சும்மா விடவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, ஆனைக்கு என்னென்ன அங்குசம் வேண்டுமென்று மூவருமாக ஜாபிதா எழுதினோம்.

முதலாவது, ஆளுக்கொரு மிதவைச் சட்டை. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில், 4.8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதைக் கழற்றவே கூடாது. ஆற்று முகத்துவாரத்தைக் கடக்கும்போது பெரியவர்களும் அணிந்தே தீர வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்த மிதவைச் சட்டை, பூட்டி வைத்த குடையைப் போன்றது. மழை பெய்யும் நேரத்தில் அதைத் தேட முடியாது.

இரண்டாவது, அபாய அறிவிப்புக் கருவி. கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்கு அப்பால் போகும் படகில் இது இருக்க வேண்டுமென்பது அங்கே சட்டம். ஒரு விசையை அழுத்தினால், 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது கூப்பிடுவதை விண்கோள்கள் கேட்டுத் தரைக்குத் தெரிவிக்கின்றன. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளின் குரலைக் கேட்பதை விண்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் தேதியோடு நிறுத்திவிட்டன. ஆகவே, மலிவாகக் கிடைக்கிறதென்று பழையதை வாங்குவது, காதில்லாதவரிடம் முறையிடுவதாகும். கருவியை உரிமையாளர் பெயரில் பதிவு செய்வதும் அவசியம். அப்போதுதான் தேடப் போகிறவர்களுக்கு எந்தப் படகு, யாருடைய படகு என்பது தெரியும்.

மூன்றாவது, கடல் வானொலி. அதன் 16-ம் எண் அபாயக் காலத்துக்கென்று உலகமெங்கும் ஏற்பட்டது. கைத்தொலைபேசி இருக்கிறதே என்று நண்பர் ஆட்சேபித்தார். கைத்தொலைபேசி ஒருவருடைய காதில் மட்டும் பேசுகிறது. வானொலியோ பக்கத்திலிருக்கும் படகுகளுக்கெல்லாம் கேட்கிறது. மூழ்குகிறவனுக்கு யார் வேண்டும்? பக்கத்தில் இருக்கிறவன் அல்லவா?

நான்காவது, காசு செலவே இல்லாதது. இயந்திரத்தோடு கூடவே வரும் ஒரு சுருள் கயிறு. ஒரு முனை இயந்திரத்தின் விசையில். மறுமுனை ஓட்டுகிறவரின் காலில் அல்லது மணிக்கட்டில். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். கயிறு கட்டாவிட்டால் என்ன ஆகும்? ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டு, சுழலும் விசிறியோடு, விழுந்தவரிடமே திரும்பி வரக்கூடும். நண்பர் அந்தக் கயிற்றைத் தூண்டில் பெட்டி கட்ட உபயோகித்து வந்தார்!

இவற்றோடு நங்கூரமும் போதிய கயிறும், அபாய வெளிச்சம் காட்டும் சுடர்கள், இறைக்கும் பம்பு, அது நின்றுபோனால் ஒரு வாளி, குடிநீர், துடுப்பு ஆகியவையும் ஜாபிதாவில் ஏறின. பெட்ரோலுக்கு ஒரு கணக்கு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கஷ்டகாலத்துக்கு ஒரு பங்கு. குடும்பச் செலவையும் இப்படி நடத்தினால் கடன்காரர் வாசலுக்கு வரமாட்டார் என்று அம்மாள் சொன்னதை நாம் குறித்துக்கொண்டோம்.

இங்கே நமது கட்டுமரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தமிழ்ச் சொல் கடல் கடந்து போய் இங்கிலீஷில் ஏறி, இன்று இரட்டை அடிப்புறம் உள்ள படகுக்குப் பெயராகிவிட்டது. சிட்னிக் கடைகளிலும் அந்தப் பெயரில் படகு விற்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பெயரை. நம் முன்னோர் அதில் வைத்திருந்த புத்தி வேறு. மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்துக்கு உட்குழிவே கிடையாது. தண்ணீர் புகுந்து தங்க இடமிருந்தால் அல்லவா மூழ்குவதற்கு? இக்காலத்துச் சிறு படகுகளில் தரைக்கடியில் நுரைக்கட்டிகளை அடைத்து, நீர் நிறைந்தாலும் மிதக்கும்படி செய்கிறார்களே, அதன் தத்துவமும் இதுவேதான்.

ஆனால் பெருமை பேசி நிறுத்திவிட மனம் வரவில்லை. 2017-ம் வருஷம் நவம்பர் மாத இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். கரைக்கு எட்டாத செய்தி எத்தனை குடும்பங்களை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டது என்பதை நாம் மறக்கக்கூடாது. பொழுதுபோக்குக்காகக் கடலில் போகிறவனுக்கு இத்தனை கருவிகள் அவசியமென்றால், வயிற்றுப்பாட்டுக்காகத் தினந்தோறும் போகிறவனுக்கு எத்தனை அவசியம்! மீனவர்களுக்கென்று இத்தகைய அபாயக் கருவியை நம் நாட்டு இஸ்ரோ நிறுவனமும் ஆக்கியிருக்கிறது. அத்தகைய கருவி இல்லாத படகு நம் கரையில் ஒன்றுகூட இல்லை என்ற நாள் வரவேண்டும்.

அடுத்த வாரம், அங்குசங்களெல்லாம் வாங்கி முடிந்தபின், சிட்னிக்குத் தெற்கே நரூமா என்ற ஊருக்குப் போனோம். அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தூரத்தில் மான்டேகு என்ற தீவு. அதைச் சுற்றி நல்ல மீன் உண்டு. ஆனால் கடலுக்குப் போகுமுன் ஆற்று முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்ட வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் ஆற்று நீர் வெளியே பாய, எதிரே அலை உள்ளே வர, இரண்டும் மோதி அலைகள் செங்குத்தாக எழும்பி உடைகின்றன.

நண்பர் படகை இறக்கவில்லை. கல் அணையின் மேல் ஏறி நின்று, இருபது நிமிஷம் பேசாமல் முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானிலை அறிக்கையில் காற்று அதிகமில்லை என்றுதான் இருந்தது. ஆனால் திடீர் வீச்சு அறிவித்ததைவிட 40 சதவிகிதம் பலமாக இருக்கலாம் என்றும், சில அலைகள் அறிவித்த உயரத்தைப்போல் இரண்டு மடங்கு எழலாம் என்றும் அந்த அறிக்கைகளிலேயே எச்சரிக்கை உண்டு. இருபது நிமிஷத்தில் மூன்று முறை முகத்துவாரம் முழுவதும் வெண்ணுரையாக மூடிக்கொண்டது.

"அப்பா, போகலாமா?" என்றான் பையன். ஐந்து மணி நேரம் காரில் வந்த குழந்தை. புதுத் தூண்டில் கையில்.

"இன்றைக்கு வேண்டாமடா" என்றார் நண்பர்.

அவ்வளவு கருவிகளும் படகில் இருந்தன. அவற்றில் ஒன்றும் இந்த வார்த்தையை அவருக்காகச் சொல்லியிருக்காது.

முகத்துவாரத்துக்கு உட்புறத்திலேயே, அமைதியான கழியில் படகை இறக்கினோம். வானொலியில் தொண்டர் படையான மரைன் ரெஸ்க்யூவைக் கூப்பிட்டு, எத்தனை பேர், எங்கே, எப்போது திரும்புவோம் என்பதைச் சொன்னோம். 2009-ல் மூன்று பழைய தொண்டர் சங்கங்களைச் சேர்த்து உண்டான ஸ்தாபனம் அது. சொன்ன நேரத்தில் திரும்பாவிட்டால் விசாரிக்க ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே ஒரு தனித் தைரியம்.

மத்தியானம் பையன் தூண்டிலில் ஒரு பிரீம் மீன் அகப்பட்டது. ஒரே ஆரவாரம். அளவுகோலில் வைத்துப் பார்த்தால் 24 சென்டிமீட்டர். அந்த மாகாணத்தில் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிரீமை வைத்துக்கொள்ளக் கூடாது. பையன் தகப்பனார் முகத்தைப் பார்த்தான். பிறகு நம் முகத்தைப் பார்த்தான். பிறகு தானே குனிந்து, இரண்டு கைகளாலும் மீனைத் தண்ணீரில் விட்டான்.

வீடு திரும்பியதும், இயந்திரத்துக்குள் நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார் நண்பர். அம்மாள் வாசலுக்கு வந்தார். மீன் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார், அவன் இன்னும் கழற்றாமலிருந்த மிதவைச் சட்டையைப் பார்த்தார்.

"மீன் இல்லையாக்கும்?" என்றார்.

"இல்லை" என்றார் நண்பர்.

"கை கால் அலம்பிக்கொண்டு வாருங்கள். சாதம் ஆறிப்போகிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நாம் இதுவரையில் எந்த மீன்காரர் வீட்டிலும் கேட்டதில்லை.