"மூணு பேர் மேலயும் தப்பு" என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்!



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். குடும்பத்தில் சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

என் தங்கை மகன் நண்பரின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனான். இரவில் விளக்கில்லாமல் நடுரோட்டில் நின்ற லாரி மீது கார் மோதியது. பின்னால் வேகமாக வந்த வேன் காரை நசுக்கியது. லாரி நிற்காமல் போய்விட்டது. பிள்ளை போய்ச் சேர்ந்தான்.

வேனின் இன்சூரன்ஸ் தரப்பு சொன்னது: "மூன்று வண்டி மேலும் தப்பு. எங்கள் பங்கு மூன்றில் ஒன்றுதான்." நம் பெரியவர்களும் அந்தப் பெண்ணிடம், "கிடைச்சதை வாங்கிக்கோம்மா, கோர்ட்டுக்கு யார் அலையறது" என்றார்கள். லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டாள். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். முப்பது வருடம் பின்னக் கணக்கு நடத்தியவனுக்கு அந்தக் கணக்கு தப்பு என்று தெரியவில்லை.

பிறகுதான் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சட்டத்தில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, அடிபட்டவரும் தவறு செய்திருப்பது. இழப்பீடு 24 லட்சம், ஓட்டியவர் மேல் 25 சதவீதம் தவறு என்றால் 6 லட்சம் கழியும், 18 லட்சம் கிடைக்கும். அவர் இறந்துபோனாலும் குடும்பத்துக்கு அதே கழிவுதான். இது நியாயம், நான் குறை சொல்லவில்லை.

இரண்டாவது, மற்ற வண்டிக்காரர்கள் சேர்ந்து தவறு செய்ய, ஒரு பாவமும் அறியாதவர் அடிபடுவது. பின்சீட்டில் இருந்தவன் ஸ்டியரிங்கையா பிடித்தான்? இவன் மேல் தவறு பூஜ்யம். பூஜ்யத்தைக் கழித்தால் 24 லட்சமும் அப்படியே நிற்கும்.

அந்த முழுத் தொகையையும் தவறு செய்த எந்த ஒரு தரப்பிடமிருந்தும் கேட்கலாம். 2015-ல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லாரி ஓடிப்போனாலும் வேன் தரப்பு முழுவதும் கொடுத்தாக வேண்டும்.

"ஒருத்தரே எல்லாம் கட்டுவது அநியாயம் இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஓடிப்போன லாரியைத் தேடும் வேலை யாருக்கு? வக்கீல்களை வைத்திருக்கும் கம்பெனிக்கா, கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கா? அவர்களுக்குள் இருக்கும் பாகப்பிரிவினையை அவள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

இன்னொன்று. பைக்கில் மூன்று பேர் போனாலே பணத்தைக் குறைப்பார்கள் என்று பயமுறுத்துவார்கள். மூவர் போவது குற்றம்தான், அபராதம் கட்டத்தான் வேண்டும். ஆனால் விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாக இருந்தால்தான் குறைக்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கழித்திருந்த 10 சதவீதத்தையும் ரத்து செய்தது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது:

1. எஃப்.ஐ.ஆரில் எல்லா வண்டிகளும், அடிபட்டவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

3. வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசம்.

4. சமரசம் தவறில்லை. முழுத்தொகை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுவதுதான் தவறு.

சாவு வீட்டில் "விட்டுக்கொடு" என்று சொல்வது சுலபம். விட்டுக்கொடுப்பது நம் பணம் இல்லையே! மாசக் கடைசியில் அந்தப் பெண் ஸ்கூல் ஃபீஸுக்கு யோசிக்கும்போது, அன்று அவளிடம் புத்தி சொன்ன யாரும் பக்கத்தில் இல்லை. நானும் இல்லை.

தப்பாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டுத் திரும்பப் போடு என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இந்தக் கணக்கைத் திரும்பப் போட முடியாது. உங்கள் வீட்டுக் கணக்கையாவது சரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்