பாட்டும் பெயரும்

திருவண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்ட சிறிது நேரத்திலேயே மலையின் படம் கைப்பேசிகளில் பரவத் தொடங்கிவிடுகிறது. பல படங்களின்மேல் இரண்டடியோ நான்கடியோ ஒரு பாட்டு எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒளிப்படத்துக்கு மாற்றாக ஓவியம் இருக்கும். பாட்டில் தோய்ந்த ஒருவர் அதற்கெனவே வரைந்தது. அவற்றுள் மிக நல்லவையும் உண்டு. ஆயினும், பாடியவர் யார், வரைந்தவர் யார் எனத் தேடினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அனுப்பியவர் பெயர்மட்டும் சில வேளைகளில் பளிச்சென்று தெரியும்!

பாட்டு பரவினால் போதாதா, பெயர் எதற்கு என்பார் உளர். நாட்டுப்புறப் பாடல்களை அவர்கள் சான்று காட்டுவர். அவை பலர் வாய்ப்பட்டு வளர்ந்தவை. ஒருவர் தனித்திருந்து சொல் தேர்ந்து எழுதிய கவிதை அத்தகையதன்று.

நம் முன்னோர் இதில் காட்டிய அக்கறை வியக்கத்தக்கது. குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் தெரியவில்லை. அதற்காக அவர்களைப் பெயரற்றவர்களாக விட்டுவிடவில்லை. அவர்தம் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராகச் சூட்டினர். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாக்கியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். மக்கள் நீங்கிய வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார் ஆனார். மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார் என்பனவும் இவ்வகையினவே. செம்புலப்பெயனீரார் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரே பாட்டு. ஏ.கே. இராமானுசனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது இலண்டன் சுரங்கத் தொடர்வண்டிகளிலும் பயணிகள் படிக்க வைக்கப்பட்டது. அத்தனை தொலைவு சென்ற பாட்டோடு அந்தப் பெயரும் சென்றது. நாமோ படத்தின் ஓரத்திலுள்ள பெயரை வெட்டிவிட்டு அடுத்தவர்க்கு அனுப்புகிறோம்.

பெயர், பாட்டைத் தேடிச் செல்லும் வழியுமாகும். திருவண்ணாமலையோடு பிரிக்கவியலாதவாறு இணைந்தவர் அருணகிரிநாதர். அவருடைய திருப்புகழ்ப் பாடல்கள் ஏடுகளில் சிதறிக் கிடந்தன. நீதித்துறையில் பணியாற்றிய வ.த. சுப்பிரமணிய பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பிக்கத் தொடங்கினார். இன்னார் பாட்டு என்னும் குறிப்பு இருந்தமையால்தான் அத்தகைய தேடல் கைகூடுகிறது. பெயரற்று வரும் நான்கு வரியை எந்நூலில் தேடுவது? சொல் மாறியிருப்பின் எதனோடு ஒப்பிடுவது? பாரதியார் எழுதாத அடிகள் அவர் படத்தோடு உலவுவதும் இந்த ஒப்பீடு இல்லாமையால்தான்.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துப் படைப்பின் உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரியது. அவ்வுரிமையை விற்றுவிட்டாலும், தம்மைப் படைப்பாளர் எனக் குறிக்குமாறு கோரும் உரிமை அவரை விட்டு நீங்குவதில்லை. ஓவியர்க்கும் இது பொருந்தும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. உங்கள் வகுப்பிலேயே கவிதை எழுதும் ஒருவர் இருக்கலாம். சங்கப்பாட்டுக்குப் படம் வரையும் ஒருவர் இருக்கலாம். அவர் படைப்பை ஆயிரம்பேர் விரும்பிப் பார்த்தும் பெயர் அழிந்திருந்தால், அடுத்த படைப்பைக் கேட்டு அவரிடம் ஒருவரும் வரமாட்டார். ஊக்கம் பெறவேண்டிய வயதில் இஃது எளிய இழப்பன்று.

பாடியவர், நூல், பாடல் எண், வரைந்தவர் என நான்கு குறிப்புகளை எழுத ஒரு நிமிடம் ஆகாது. பெயர் தெரியாதவிடத்து ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்றே எழுதலாம். அறிந்தவர் எவரேனும் அதைக் கண்டு பெயரைச் சொல்லக்கூடும்.