கடலும் காற்றும் தனித்தனி அத்தியாயமா?

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இஞ்சினியரிங் என்ன விளங்கும்?" நுரைச்சோலை பற்றி வாயைத் திறந்தாலே எங்களிடம் கேட்கிற கேள்வி இது. சமன்பாடு தீர்க்க எங்களுக்கு வராதுதான். காற்று எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டு தெரியும்.

லக்விஜய அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று. முதலாவது 2011இல் தொடங்கியது, மூன்றும் 2014இல் முடிந்தன. எரிப்பது இறக்குமதி நிலக்கரி. பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் இருந்து பார்ஜ்களில் மாற்றித்தான் கரிக்குக் கரை. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் ஏறக்குறைய ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை அந்த வேலை நடக்காது. ஆகவே அத்தனை மாதத்துக்கும் தேவையான கரியை முன்கூட்டியே முற்றத்தில் மலையாகக் குவிக்கிறார்கள்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. குவியல் ஆக உயர்ந்து நிற்கிற நேரத்திலதான் கச்சான் தொடங்குது. கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிற காற்று. அயலில் நரக்கல்லியும் இலந்தையடியும், வெங்காயமும் மிளகாயும் போட்ட தோட்டங்களும்.

அலையைக் கணினியில் சிமியுலேட் செய்கிறவர் "இந்த மாதங்களில் இறக்காதே" என்பார். சரி. தூசியைக் கணக்கிடுகிறவர் வருடம் முழுக்க ஒரே அளவு குவியல் என்று வைத்துக்கொண்டால், அவருடைய சராசரியும் வரம்புக்குள் நிற்கும். அதுவும் சரி. ஆனால் அலை மொடலின் விடைதான் தூசி மொடலின் தொடக்கம் என்பதை யார் சொல்வது? எங்கட நாட்டுச் சூழல் தாக்க அறிக்கைகளில் காற்று ஒரு அத்தியாயம், நீர் ஒரு அத்தியாயம், சத்தம் இன்னொன்று. மிளகாய்க் கண்டுக்கு அத்தியாயம் தெரியாது. மேலிருந்து தூசி, கீழே மணல் நிலத்தின் ஆழமில்லாத கிணற்றுத் தண்ணி, எல்லாம் ஒரே இலையில், ஒரே வேரில்.

துறைகளைச் சேர்த்துக் கணக்கிடுவது புதுமையும் இல்லை. மனாபேயும் பிரையனும் 1969இலேயே வளிமண்டலத்தையும் சமுத்திரத்தையும் ஒரே மொடலில் பிணைத்தார்கள். மனாபேக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. விமானச் சிறகு செய்கிறவர்கள் காற்றோட்டத்தையும் உலோகத்தின் வளைவையும் சேர்த்தே பார்க்கிறார்கள், இல்லாட்டி சிறகு அதிர்ந்து முறியும். சிறகுக்குக் காட்டுகிற மரியாதையை ஒரு ஊருக்குக் காட்ட ஏலாதா?

"செலவு கூட" என்பார்கள். கூடத்தான். மறுபக்கச் செலவை, கரி படிந்த வெங்காயத்தை விலைக்குக் கேட்க ஆளில்லாத நாளில், தோட்டக்காரர் கட்டுகிறார். அது எந்த அறிக்கையின் எந்த நிரலில் வருது?

இந்தக் கரையோரத்துக்கு இன்னும் திட்டங்கள் வரும். அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சட்டம் தருவது 30 வேலை நாட்கள். அடுத்த தடவை நாங்கள் முதலில் தேடப்போவது ஒரு அட்டவணையை: மாத வாரியாக, குவியலின் உயரமும் காற்றின் வேகமும் பக்கத்துப் பக்கத்து நிரலில். அது இல்லாவிட்டால், இல்லை என்று தமிழில் எழுதிக் கொடுப்போம்.