ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் மூன்று நிமிடமும்

சென்ற மாதம் புதுச்சேரியில் நாங்கள் நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் மதிப்பிற்குரிய மூத்த வாசகர் ஒருவர் ஒரு கருத்தை முன்வைத்தார். இன்றைய அழகிப் போட்டிகள் வெறும் வணிகம். அறுபதுகளில் அவை அப்படி இருக்கவில்லை. அன்று மேடையேறியவர்கள் படித்த பெண்கள், கலை கற்ற பெண்கள். உடலோடு திறமையும் சேர்த்தே மதிப்பிடப்பட்டது என்பது அவர் வாதம். இந்திராணி ரஹ்மானையும் ரீட்டா ஃபாரியாவையும் சான்று காட்டினார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையசைத்தார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகு அந்த மௌனம் உறுத்தத் தொடங்கியது. ஆகவே இந்த எதிர்வினை.

அவர் காட்டிய சான்றுகளிலிருந்தே தொடங்கலாம். இந்திராணி ரஹ்மான் சென்னையில் பிறந்தவர். சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். 1952இல் மிஸ் இந்தியா ஆனபோது அவர் ஏற்கெனவே மணமானவர், ஒரு குழந்தைக்குத் தாய். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் நடந்த முதல் மிஸ் யூனிவர்ஸ் போட்டிக்குப் போனார். அந்தப் போட்டி எப்படிப் பிறந்தது என்பதை நண்பர் சொல்லவில்லை. 1950இல் மிஸ் அமெரிக்காவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யோலண்ட் பெட்பீஸ் ஓர் இசை நாடகப் பாடகி. மகுடம் சூடியபின், இனி நீச்சலுடையில் படமெடுக்க நிற்கமாட்டேன், நான் பாடகி என்று மறுத்துவிட்டார். போட்டிக்குப் புரவலராக இருந்த கேட்டலினா என்ற நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு விலகித் தனக்கென்று ஒரு போட்டியைத் தொடங்கியது. அதுதான் மிஸ் யூனிவர்ஸ். ஒரு பெண் தன் குரலே தன் அடையாளம் என்று சொன்னதற்கு விடையாக எழுப்பப்பட்ட மேடை அது. அந்த மேடையில்தான் நம் பரதக் கலைஞர் போய் நின்றார். திறமை போற்றப்பட்டதற்கு இதையா சான்று காட்டுவது?

இந்திராணி பின்னர் பெரும் கலைஞராக மலர்ந்தார் என்பதில் ஐயமில்லை. ஒடிசி நடனத்தை ஒடிசாவுக்கு வெளியே கொண்டுசென்ற முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1969இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் அதையெல்லாம் அவருக்குக் கொடுத்தது சொக்கலிங்கம் பிள்ளை போன்ற ஆசான்களும் ஆண்டுக்கணக்கான சாதகமும். மகுடம் அவருக்கு எதையும் கற்றுத்தரவில்லை.

ரீட்டா ஃபாரியாவின் கதையும் இதுவே. ஃபெமினா இதழ் 1964இல் தன் போட்டியைத் தொடங்கி மெஹர் காஸ்டலினோ மிஸ்திரிக்கு மகுடம் சூட்டியது. ஈவ்ஸ் வீக்லி இதழும் தன் பங்குக்கு அழகிகளை வெளிநாடு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பத்திரிகைகளின் போட்டிக்கு நடுவேதான் 'தேசத்தின் அழகி' உருவானாள். 1966இல் ஈவ்ஸ் வீக்லி வழியாக லண்டன் சென்ற ரீட்டா, ஆசியாவின் முதல் உலக அழகியானார். அவர் மருத்துவ மாணவி என்பதை நம்மவர்கள் இன்றுவரை பெருமையோடு சொல்கிறார்கள். அந்த மகுடம் அவரை முதலில் எங்கே கொண்டுபோனது? அதே ஆண்டு டிசம்பரில், பாப் ஹோப்பின் கேளிக்கைக் குழுவோடு வியட்நாமுக்கு, அமெரிக்கப் படைவீரர்களை மகிழ்விக்க. வருங்கால மருத்துவர் ஒருவர் போர்முனைக்குப் போகிறார்; காயத்துக்குக் கட்டுப்போட அல்ல, காட்சிப்பொருளாக நிற்க. ஓராண்டு முடிந்ததும் விளம்பர வாய்ப்புகளை உதறிவிட்டு மருத்துவப் படிப்புக்கே திரும்பினார். நண்பர் புகழும் ரீட்டா, மேடையை விட்டு இறங்கிய ரீட்டா.

இனித் திறமைச் சுற்றுக்கு வருவோம். மிஸ் அமெரிக்கா போட்டியை 1921இல் அட்லாண்டிக் சிட்டியின் வணிகர்கள் தொடங்கினார்கள். கோடை முடிந்ததும் கடற்கரையை விட்டுக் கிளம்பிவிடும் சுற்றுலாப் பயணிகளை இன்னும் சில நாள் பிடித்துவைப்பது நோக்கம். (கடற்கரைச் சாலையில் குடியிருக்கும் நமக்கு இது புரியாத சூத்திரம் அல்ல.) ஒழுக்கக் கேடு என்று கண்டனம் எழுந்து, போட்டி சில ஆண்டுகள் நின்றும் போயிற்று. மீண்டும் தொடங்கியபின் 1938இல் கலைத்திறனைக் கட்டாயமாக்கினார்கள். கலைமீது திடீரென்று பிறந்த காதல் என்று இதை யாராவது நம்பினால் நம்பட்டும். உடலைப் பார்க்க வந்தவன் கூச்சமின்றிப் பார்ப்பதற்கு வழங்கப்பட்ட நன்னடத்தைச் சான்றிதழ் என்றே நான் வாசிக்கிறேன்.

அறுபதுகளில் அந்தச் சுற்று எப்படி இருந்தது? 1965ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்கா வோண்டா கே வான் டைக்கின் திறமை, பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடசையாமல் பேசும் மாயக்குரல் கலை. 1968இல் வென்ற ஜூடித் ஃபோர்டு துள்ளுமேடையில் குதித்துக் காட்டினார். இரண்டும் கடும் பயிற்சி வேண்டுபவை. அவற்றை நான் இழிவு செய்யவில்லை. ஆனால் பாட்டையும் மாயக்குரலையும் துள்ளலையும் ஒரே தாளில் நிறுத்து எதைவிட எது உயர்ந்தது என்று சொல்ல எந்த விமர்சகனால் முடியும்? முடியாது என்பது அமைப்பாளர்களுக்கும் தெரியும். இன்னொன்று: அப்போட்டியில் 1970 வரை ஒரு கறுப்பினப் பெண்கூடப் பங்கேற்கவில்லை. பாட்டும் நடனமும் யாரிடம் இல்லாமலிருந்தது? 1968 செப்டம்பர் 7 அன்று அரங்குக்கு வெளியே பெண்ணியர்கள் ஓர் ஆட்டுக்கு மகுடம் சூட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அன்றிரவே அதே நகரில் கறுப்பினப் பெண்களுக்கெனத் தனிப் போட்டி நடந்தது. நண்பரின் பொற்காலத்துக்குள் நடந்தவைதாம் இவை.

இதையெல்லாம் அமெரிக்கச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. என் பெரியம்மா முத்தியால்பேட்டையில் பத்தாண்டுகள் வீணை கற்றவர். அறுபதுகளின் இறுதியில் அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். கூந்தல் சொந்தக் கூந்தல்தானா என்று ஒரு கிழவி தொட்டுப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் தாயார், "ஒரு பாட்டு வாசிம்மா" என்றார். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசித்தார். கல்யாணத்துக்குப் பின் அந்த வீணை உறையோடு பரணுக்குப் போயிற்று. எங்கள் பிள்ளைப் பருவத்தில் அதன் மேல் பழைய தலையணைகள் கிடந்தன. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது பண்பாடு போயிற்று என்று கொதித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தத் திறமைச் சுற்று நடக்காமல் இருந்திருக்கும்? நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீச்சலுடையின் நீளமா என் சிக்கல்? 2018இல் மிஸ் அமெரிக்கா நீச்சலுடையைக் கைவிட்டபோதும் போட்டி போட்டியாகவே இருந்தது.

தமிழ் மரபில் அரங்கேற்றம் இல்லையா, மாதவி மன்னன் முன் ஆடவில்லையா என்று கேட்பார்கள். ஆடினாள். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று ஆடினாள். அவள் ஆடுமுன் இளங்கோ நமக்கு யார் யாரைக் காட்டுகிறார் என்று பாருங்கள்: ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன். ஒவ்வொருவரும் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளந்து காட்டுகிறார். அங்கே அளக்கப்பட்டது மேடை. பெண்ணின் இடை அல்ல. அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் சற்று நிற்பேன்.

ஆனால் இளங்கோ அத்தோடு முடிக்கவில்லை. மன்னன் மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளிக்கிறான். அடுத்து ஒரு கூனி மாலையொன்றை ஏந்தி, செல்வர் மக்கள் திரியும் வீதியில் நிற்கிறாள். மாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு. வாங்குபவன் மாதவிக்குக் கணவன். பரிசாக வந்த அதே எண் வீதியில் விலையாகத் திரும்பி வருகிறது. இது தற்செயல் என்று நான் கருதவில்லை. கலைக்குக் கிடைத்த பெருமை, அந்தப் பெண்ணின் சந்தை மதிப்பாக உருமாறும் கணத்தை இளங்கோ ஓர் எண்ணால் பிடித்துவிட்டார். அங்கேயாவது கலை அறிந்தவர்கள் முன்னே ஆடிய பிறகு மாலை விலைக்குப் போயிற்று. நமது போட்டிகளில் மாலைக்காகவே ஆட்டம்.

இதைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் நடந்த ஒரு போட்டியில் நடுவராக உட்கார்ந்தேன். மறுத்திருக்க வேண்டும், மாணவிகள் கேட்டார்கள் என்று போனேன். உடன் இருந்தவர்கள் ஒரு துணிக்கடை உரிமையாளரும் அழகு நிலையம் நடத்துபவரும். திறமைச் சுற்றுக்கு மூன்று நிமிடம். ஒரு பெண் வர்ணத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அரைமண்டியில் அவள் உட்கார்ந்த விதத்திலேயே கற்றவள் என்பது தெரிந்தது. தலைவன் வரவில்லை என்று தோழியிடம் சொல்லும் கட்டத்தை அப்போதுதான் தொட்டிருந்தாள், இசையை நிறுத்திவிட்டார்கள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பிறகு சட்டென்று பார்வையாளர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பழக்கிவிடப்பட்டது. என் கையிலிருந்த தாளில் நடனத்துக்கு இருந்ததைவிட நடைக்கு மதிப்பெண் அதிகம்.

இவ்வாண்டும் அதே அமைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா கௌரவமா இருக்கும்" என்றார். வர்ணம் ஆடும் பெண் இருந்தால் முழு வர்ணமும் ஆடட்டும், முக்கால் மணி நேரம் ஆகும், நடனம் அறிந்த ஒருவர் என் பக்கத்தில் இருக்கட்டும், வருகிறேன் என்றேன். மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, ஐயா, என்றார்.