அத்தையும் அஸ்வினும்

கிரிக்கெட்டின் நடுவே விளம்பரம் வந்தால், நீங்கள் அடுப்பைப் பார்க்க எழுந்து போவீர்கள், இல்லையா? மதுரை வடக்கு மாசி வீதியில் இருக்கும் என் அத்தை அப்போதுதான் அடுப்படியிலிருந்து ஓடி வருவாள்! 2009-ல் ஐ.பி.எல். பந்தயங்களுக்கிடையே வோடபோன் கம்பெனியார் காட்டிய ஜூஜூக்கள்தான் அவளைப் பிடித்து உட்காரவைத்தவை. அந்த வெள்ளைப் பொம்மைகள் பொம்மைகளே அல்ல, உறை மாட்டிய மனிதர்கள், அதுவும் பெரும்பாலும் பெண்கள் என்று தெரிந்ததும், "அடி ஆத்தி, உள்ளே எப்படி வெந்தாளுகளோ!" என்று உருகிப் போனாள்.

அதே ஆண்டுதான் அஸ்வின் சென்னை அணிக்காக ஐ.பி.எல்.லில் முதன்முதல் பந்து வீசினார். விளம்பரம் பார்க்க வந்தவள் அவர் பந்தையும் பார்த்தாள், விடவில்லை. 2015-க்குப் பின் வேறு அணிகளுக்கு ஆடப் போனவர், 2025-ல் 9 கோடியே 75 லட்ச ரூபாய்க்குச் சென்னைக்குத் திரும்பினார். சீமைக்குப் போன பிள்ளை ஊர் வந்தாற்போல் அத்தைக்கு ஒரே பூரிப்பு!

நடந்ததோ வேறு. 9 ஆட்டங்களில் 7 விக்கெட். சென்னைக்குக் கடைசி இடம். ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல்.லுக்கே முழுக்குப் போட்டுவிட்டார். "அம்புட்டுப் பணமும்..." என்று மாமா இழுத்தார்.

"வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் சம்பாத்தியக் கணக்கா கேப்பாக?" என்றாள் அத்தை.

மாமா ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.