மூத்திர அடைப்பும் முன்வினையும்

கொடைக்கானல் மலையிலே பண்ணைக்காட்டிலும் அதன் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் அறுபதைத் தாண்டிய ஆண்மக்களில் எத்தனை பேர், இரவில் ஐந்து தரம் ஆறு தரம் குளிரிலே எழுந்து போய், நின்று முக்கி, சொட்டுச் சொட்டாய் மூத்திரம் பெய்துவிட்டு வந்து படுக்கின்றார்கள் என்பது அவரவர் வீட்டுப் பெண்டுகளுக்குத்தான் தெரியும். வெளியில் சொல்ல வெட்கம். கேட்டால் "வயசாச்சு" என்பார்கள், "சூடு" என்பார்கள், மேலும் கேட்டால் "முன் ஜென்மத்து வினை" என்பார்கள். வினையுமில்லை, வெங்காயமுமில்லை! மூத்திரப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி, ஆண்களுக்கு மாத்திரம் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கின்றது. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெரிக்கின்றது. அர்ச்சகருக்கும் பருக்கும், அவர் தட்டிலே காசு போடுகின்றவருக்கும் பருக்கும்.

இவர்களில் ஒரு சாராருடைய பாடு இரட்டைப் பாடு. இருதயக் குழாயில் ஸ்டெண்ட் வைத்தவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், நாடி தாறுமாறாய் அடிக்கின்றவர்கள் ஆகியோர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகின்றார்கள். பருத்த சுரப்பியைப் பழைய முறைப்படி மின்கம்பியால் சுரண்டி எடுத்தால் இவர்களுக்கு இரத்தம் நிற்பது கஷ்டம். மாத்திரையை நிறுத்தினாலோ இரத்தம் கட்டி மாரடைப்போ பக்கவாதமோ வரும். இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ பேர் ஆயுள் முழுதும் ரப்பர் குழாயும் பையுமாய்க் காலந்தள்ளும்படி ஆகின்றது. இதைத்தான் நம் ஜோசியர்கள் தலையெழுத்து என்கின்றார்கள்.

தலையெழுத்தை அழித்து எழுதியவர்கள் யார் என்று பார்ப்போம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகிச் செத்தன. நம்மூராயிருந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியிருப்போம். அங்கே 1933-ல் ஒரு குடியானவன் உறையாத இரத்தத்தைப் பால் பாத்திரத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன ஆசிரியரிடம் போனான். அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் வார்பரின். 1948-ல் எலிப் பாஷாணமாக விற்கப்பட்டது; 1955-ல் மாரடைப்புக் கண்ட ஜனாதிபதி ஐசனோவருக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது!

பழனியிலே போகர் ஒன்பது பாஷாணங்களைக் கூட்டிச் சிலை செய்தார் என்றும், அதன் மேல் ஊற்றிய பாலும் பஞ்சாமிர்தமும் சகல நோயும் தீர்க்கும் என்றும் சொல்லுகின்றார்கள். தோழர்களே, பாஷாணம் மருந்தாவது அளவினாலா, அபிஷேகத்தினாலா? வார்பரின் சாப்பிடுகின்றவருக்கு அடிக்கடி இரத்தம் எடுத்து, ஐ.என்.ஆர். என்கின்ற கணக்கு பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கின்றதா என்று பார்க்கின்றார்கள். பஞ்சாமிர்தத்துக்கு எந்தக் கணக்கு?

நிற்க. இன்றைக்கு லேசர் ஒளி வந்திருக்கின்றது. ஒருவகைப் பச்சை ஒளியை இரத்தத்தின் சிவப்பு உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சூட்டில் சதை ஆவியாகும், இரத்தக் குழாய் வாய்மூடும். மற்றொன்று ஹோல்மியம் லேசர். 1990-களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் என்பவர் வளர்த்த முறை. நம் மலைக் கமலா ஆரஞ்சில் தோலை விட்டுச் சுளையைக் கழற்றுகின்றோமே, அதைப்போல உள்சதையைக் கழற்றிப் பைக்குள் தள்ளிப் பொடியாக்கி வெளியே எடுத்துவிடுகின்றார்கள். இரத்தப்போக்கு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு இம்முறைகளை யோசிக்கலாம் என்று அமெரிக்க மூத்திரவியல் சங்கமே 2018-ல் எழுதிவைத்தது.

இதுவும் மந்திரமல்ல. மாத்திரை சாப்பிடுகின்றவர்களுக்கு இதிலும் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக இரத்தம் போகலாம். சில நாள் கழித்தும் போகலாம். பச்சை ஒளியில் சதையெல்லாம் ஆவியாய்ப் போவதால் புற்றுநோய் உண்டா என்று பிறகு பார்க்கச் சதை மிஞ்சாது. முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பகுத்தறிவுக்காரன் வைத்தியனையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

பழனி மலைக்கு ஏற விஞ்ச் உண்டு, ரோப் கார் உண்டு. சாமியைப் பார்க்க யந்திரம் வேண்டும், மூத்திரம் போக விபூதி போதும் என்பது எந்த ஊர் நியாயம்? உண்டியலில் எண்ணப்படுவது கோடிக்கணக்கில். மலையிறங்கி வருகின்ற தோட்டக் கூலிக்கு ஒரு லேசர் கருவி எட்டும்படி சர்க்கார் ஏன் செய்யக்கூடாது? சென்னைப் பணக்காரனுடைய புராஸ்டேட் மட்டுமா புராஸ்டேட்?

வெட்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியார் தம் கடைசி ஆண்டுகளில் மூத்திரக் குழாயோடு மேடை மேடையாய் ஏறினார். 1973 டிசம்பர் 19-ல் சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசிய வரைக்கும் அதை ஒளித்ததில்லை. நம்முடைய பெரியவர்களோ பெற்ற பிள்ளையிடமே ஒளித்து, மூத்திரம் அடியோடு கட்டிக்கொண்டு வயிறு உப்பின பிறகு வத்தலக்குண்டுக்கு வண்டி தேடுகின்றார்கள்.

சஷ்டி விரதமென்றோ, பாதயாத்திரையென்றோ, யாரோ கொடுத்த சூரணம் சாப்பிடுகின்றோமென்றோ இரத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. பேர் தெரியாத சூரணம் அதனோடு சேர்ந்தால் இரத்தம் இன்னும் நீர்த்துப்போகவும் கூடும். எதை எத்தனை நாள் நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது என்பதை இருதய வைத்தியரும் மூத்திர வைத்தியரும் கலந்து சொல்லட்டும். மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகின்றவர்கள் மாத்திரை அட்டையையும், ஸ்டெண்ட் வைத்த தேதிச் சீட்டையும் கையோடு கொண்டுபோய், "எனக்கு லேசர் ஆகுமா, ஆகாதென்றால் ஏன்?" என்று வாய்திறந்து கேளுங்கள்.